மூடியை வைத்துக்கொண்டு பேனா கொடுப்பவர்

கண்ணமங்கலம் தபால் நிலையத்தில் பேனா கேட்டுப் பாருங்கள், இரண்டு வகை மனிதர்கள் தெரிவார்கள். ஒரு வகை, சட்டைப் பையைக் கையால் மறைத்துக்கொண்டே 'இல்லையே' என்று சொல்லும். இன்னொரு வகை, கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகு பையைத் தடவிப் பார்க்கும். இரண்டிலும் சேராத ஒருவரை எனக்குத் தெரியும். கேட்டவுடன் கொடுப்பார். மூடியை மட்டும் கழற்றித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். மூடியில்லாத பேனாவை யாரும் ஞாபகமறதியாகச் சட்டையில் குத்திக்கொண்டு போக முடியாது அல்லவா? பலரும் செய்வதுதான் இது. ஆனால் மற்றவர்கள் பேனாவோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் மொத்த உலகத்தையும் அப்படித்தான் நடத்தினார்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் மாடியில் தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் டைப் டீச்சர். மழை நாளில் பயிற்சிக்கு வந்த பெண் குடை இல்லாமல் நின்றால், தன் குடையைக் கொடுத்துவிட்டு அவளுடைய டிபன் பாக்ஸின் மூடியை வாங்கி வைத்துக்கொள்வார். மறுநாள் காலை மூடியில்லாமல் எந்தத் தாயும் சோறு கட்ட முடியாது. குடை தானாக வந்து சேரும். வேனில் எங்காவது போகும்போது டிரைவர் டீ குடிக்க இறங்கினால் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். 'நான் எங்கம்மா போய்டப் போறேன்' என்று டிரைவர் சிரிப்பார். டீச்சர் சிரிக்க மாட்டார்.

திருமணம் ஆனவரா இல்லையா என்பதில் ஊரில் இரண்டு கட்சி இருந்தது. ஆனது, கணவர் எங்கோ போய்விட்டார் என்று ஒரு கட்சி. ஆகவே இல்லை என்று ஒரு கட்சி. நேரே கேட்கும் தைரியம் எந்தக் கட்சிக்கும் இல்லை. தட்டச்சு நிலையத்துக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தனியாக இருந்தார். கதவைத் தட்டினால் சங்கிலியை எடுக்காமல் ஒரு கண் அளவுக்குத் திறந்து, முகத்தைப் பார்த்து, காலைப் பார்த்து, நமக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் 'இன்னா?' என்பார்.

அவருக்கென்று ஒரு கேள்வி இருந்தது. ஒருமுறை எங்கள் தெருக் கோடியில் இருந்த வயதானவர் இறந்துவிட்டார் என்று காலையிலேயே செய்தி பரவியது. பால்காரர் சொன்னார், பால்காரரிடம் பூக்காரம்மா சொன்னார், பூக்காரம்மாவிடம் யாரோ சொன்னார்கள். ரைஸ்மில்காரர் ஆளுயர மாலையே வாங்கிவிட்டார். டைப் டீச்சர் மட்டும் மாடிப்படியில் நின்றபடி, 'சொன்னது யாருன்னு கேக்கல. பாத்தது யாரு?' என்றார். யாரும் பார்த்திருக்கவில்லை. போய்ப் பார்த்தால் அந்த மனிதர் உள்ளே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இறந்தது வேறு தெருவில் அதே பெயர்க்காரர். அந்த மாலையோடு ரைஸ்மில்காரர் பட்ட பாட்டை ஊர் பல நாள் பேசியது. ஆனால் டீச்சரை யாரும் பாராட்டவில்லை. அவர் வாய் கசப்பானது என்றுதான் சொன்னார்கள்.

எனக்கும் அவரைப் பிடிக்காது. அதைவிட, அவர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆளிடம் சந்தேகப்பட ஏதாவது இருக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கிற நாங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குப் போவோம். ரைஸ்மில்காரர் தன்னைத் தானே தலைவராக நியமித்துக்கொண்டிருந்தார். மின்சாமான் கடை வைத்திருக்கும் என் கணவரும் நானும் உண்டு. டீச்சர் எப்படிச் சேர்ந்தார் என்று தெரியவில்லை. யாரும் கூப்பிட்ட ஞாபகம் இல்லை. ஒருநாள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் வண்டி கிளம்பும் முன் ஒவ்வொருவராகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்.

"வூட்ல யார்கிட்ட சொல்ட்டு வந்தீங்க?"

முதல் தடவை என்னைக் கேட்டபோது நான் விளையாட்டாக, நாங்கள் இரண்டு பேருமே வந்துவிட்டோம், பையன் கல்லூரி விடுதியில் இருக்கிறான், வீட்டில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்றேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அதத்தான் கேக்கறேன்" என்றார். அன்று முழுவதும் எனக்குப் பூட்டிய வீட்டின் நினைப்பாகவே இருந்தது. வீட்டில் யாரும் இல்லை என்பதை இவரிடம் எதற்குச் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். காட்டுப் பாதையில் அவர் எப்போதும் கடைசியாகத்தான் நடப்பார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் நம்மை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் வருவார். முதுகுக்குப் பின்னால் ஒருவர் பேசாமல் நடந்து வருவது எப்படி இருக்கும் என்று நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஒருநாள் ஜவ்வாது மலைக்குப் போனோம். கிளம்பும்போதே மழை வரும் என்று நான் சொன்னேன். வராது என்றார் என் கணவர். போளூர் தாண்டி மலைப்பாதையில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் சொன்னது நடந்துவிட்டதால் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு முன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் வீட்டில் இது வழக்கம்தான். யார் சொன்னது சரியாகப் போகிறதோ அவரோடு மற்றவர் அன்றைக்குப் பேசுவதில்லை.

ஜமுனாமரத்தூரில் டீ குடித்துவிட்டு, அதற்கப்பால் ஒரு மலைக் கிராமத்தில் வண்டியை நிறுத்தினோம். சாமை விளைந்து தலைசாய்ந்திருந்த காலம். அங்கிருந்த ஒருவரை ரைஸ்மில்காரர் முன்பே பேசி வைத்திருந்தார். உரச்சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் போனோம். கொஞ்ச தூரம் புதிதாக ஜல்லி கொட்டிய பாதை. அது முடிகிற இடத்தில் ஒரு புளியமரம், மரத்தடியில் மஞ்சள் பூசிய நடுகல். அங்கே வழிகாட்டி நின்றார். கல்லுக்கு மேலே சாமி மலை, செருப்பு போடக் கூடாது, எங்க ஊர் ஆளுங்க யாரும் போட மாட்டோம் என்றார். எல்லோரும் மரத்தடியில் ஷூக்களையும் செருப்புகளையும் கழற்றிப் போட்டுவிட்டு மேலே ஏறினோம்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். வேனிலிருந்து இறங்கும்போது டீச்சர் கையில் ஒரு காலிக் கட்டைப்பை இருந்தது. மளிகைக் கடைக்குப் போகிறவர் போல அதைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். மலை ஏறுகிறவருக்குக் காலிக் கட்டைப்பை எதற்கு? கல்லைத் தாண்டி முதல் வளைவில் நான் திரும்பிப் பார்த்தபோது அவர் வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தார். பையைக் காணோம். ரைஸ்மில்காரரிடம் மெல்லச் சொன்னேன். அவர் கண் விரிந்தது. இந்த மலையில் சந்தன மரத்துக்காக என்னென்ன நடக்கும் தெரியுமா, பையை எங்காவது வைத்துவிட்டுப் போனால் திரும்புவதற்குள் யாராவது நிரப்பி வைத்திருப்பார்கள், நாம் எல்லோரும் செக்போஸ்ட்டில் மாட்டுவோம் என்றார். கட்டைப்பையில் கொள்ளுமளவு சந்தனத்துக்கு ஒரு வேன் ஆட்களைக் கூட்டி வருவார்களா என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. மழையில் நனைந்த மண்டைக்கு எதுவும் பொருத்தமாகவே படும்.

பாதி ஏறியதும் மேகம் இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர்களின் முதுகு தெரியவில்லை, குரல்தான் கேட்டது. வழியில் ஓர் ஓடை. ஏறும்போது கணுக்கால் அளவு இருந்தது. என் கணவரும் இன்னும் நாலைந்து பேரும் வழிகாட்டியோடு உச்சிக்குப் போனார்கள். ரைஸ்மில்காரரும் நானும் மற்றவர்களும் முடியாது என்று திரும்பினோம். டீச்சர் மட்டும் ஓடைக்கு மேல்பக்கம் ஒரு பாறை மேல் நின்றுகொண்டார். 'நீங்க போங்க, நான் கடசியா வர்றேன்' என்றார். இறங்கும்போது ஓடை முழங்காலுக்கு வந்திருந்தது.

நாங்கள் மரத்தடிக்கு வந்தபோதுதான் அது நடந்தது. எல்லோருடைய ஷூவிலும் வலது கால் இல்லை. இடது கால்கள் மட்டும் சேற்றில் வரிசையாகக் கிடந்தன. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார் ஒருவர். நாய் பார்த்துப் பார்த்து வலது காலை மட்டும் எடுக்குமா என்று நான் கேட்டேன். உடனே ரைஸ்மில்காரர் மலைக்காரர்கள் மேல் பாய்ந்தார், செருப்பைக் கழற்றச் சொன்னதே இதற்குத்தான் என்றார். ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டதும், தன் இடது ஷூவை எடுத்துச் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த ஜல்லிப் பாதையில் வெறுங்காலோடு வேன் வரை நடக்க எங்களால் முடியாது. புளியமரத்தடியில் நடுங்கிக்கொண்டு நின்றோம். எனக்குச் சந்தேகமே இல்லை, இது டைப் டீச்சர் வேலைதான்.

சிறிது நேரத்தில் உச்சிக்குப் போனவர்கள் வந்தார்கள். என் கணவர் அவர்களில் இல்லை. கேட்டேன். அவர் அப்போதே இறங்கிவிட்டாரே, முன்னால் வந்திருப்பாரே என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என்னோடு பேசக் கூடாது என்பதற்காக மேகத்தில் எங்களைக் கடந்து முன்னாலேயே வந்து, செருப்பு காணாமல் போவதற்கு முன் மாட்டிக்கொண்டு, வேனில் கால் நீட்டிப் படுத்திருப்பார் என்று நினைத்தேன். நானும் மற்றவர்களிடம், ஆமாம், அவர் முன்னாலேயே இறங்கிவிட்டார் என்றேன்.

கடைசியாக டீச்சர் வந்தார். புடவை முழங்கால் வரை ஈரம். எங்களைக் கடந்து, கல்லுக்கு இந்தப் பக்கம் இருந்த பாறை இடுக்கில் கையை விட்டு, மேலே வைத்திருந்த தழையைத் தள்ளிவிட்டுக் கட்டைப்பையை இழுத்தார். பை நிறைய வலது கால்கள்.

ரைஸ்மில்காரர் கத்தியதை இங்கே எழுத முடியாது. மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. வழிகாட்டி மட்டும், செருப்போடு கல்லைத் தாண்டினீர்களா என்று கேட்டார். தாண்டவில்லை, இந்தப் பக்கமே வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்றார் டீச்சர். வழிகாட்டிக்கு அது போதுமானதாக இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தைப் பார்த்து, கையில் கொடுத்தார். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்குகிறவர்கள் போல நாங்கள் கை நீட்டினோம். பையின் அடியில் ஒன்று மிஞ்சியது. கறுப்பு ஷூ, பச்சை நாடா. அந்த நாடாவை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"இது யாருது?"

என் கணவருடையது என்றேன். அவர் முன்னாலேயே இறங்கிவிட்டார் என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"சொன்னீங்க. பாத்தது யாரு?"

எல்லோர் கண்ணும் தரைக்குப் போனது. மரத்தடியில் எல்லாருடைய இடது காலும் போனபின் ஒரு கறுப்பு ஷூ தனியாகக் கிடந்தது. அதுவரை அது யார் கண்ணிலும் படவில்லை. ஜோடியாக இருந்திருந்தால் அவரவர் மாட்டிக்கொண்டு வேனுக்கு ஓடியிருப்போம், எது மிஞ்சியது என்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். மேலே மேகம். நடுவில் ஓடை. அந்த ஓடை முழங்காலோடு நிற்குமா என்று வழிகாட்டியைக் கேட்டேன். அவர் உரச்சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே ஓடினார். இரண்டு பேர் பின்னால் போனார்கள். நானும் போகப் போனேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நானும் அவரும் மரத்தை ஒட்டி நின்றோம். அவர் கையை எடுக்கவே இல்லை. காலையிலிருந்து கணவரோடு பேசவில்லை என்பதை எதற்காகவோ அவரிடம் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன், மழையில் சரியாகத் தெரியவில்லை. பிறகு அவர் சொன்னார்.

"ஒருத்தர பத்தி எங்கிட்டயும் இப்டித்தான் சொன்னாங்க. ஊருக்குப் போய்ட்டாரு, நாலு நாள்ல வந்துருவாருன்னு. எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பி வூட்ல ஒக்காந்துனு இருந்தேன்."

இரண்டு கட்சிகளில் எது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஏதாவது பேசாவிட்டால் மலை மேல் ஏறிவிடுவேன் போலிருந்தது. அதனால் அவருடைய கேள்வியையே அவரிடம் கேட்டேன். இத்தனை தடவை எங்கள் எல்லோரையும் கேட்டிருக்கிறாரே, அவரை யாரும் கேட்டதில்லை.

"நீங்க வூட்ல யார்கிட்ட சொல்ட்டு வந்தீங்க டீச்சர்?"

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு யார் இருக்காங்க சொல்றதுக்கு? அதுக்குத்தான் பைய ஒளிச்சு வச்சேன். நான் எங்கனா வுழுந்துட்டேன்னா என்னத் தேடி யாருங்க வரப்போறீங்க? செருப்பத் தேடியாவது வருவீங்கல்ல."

மேலிருந்து குரல் வந்தது. ஆள் இருக்கிறார், கால்தான் போச்சு என்றார்கள். ஒதுங்கப் போன இடத்தில் ஆட்டுத் தடத்தைப் பாதை என்று நினைத்து இறங்கி, ஓடைக் கரையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, தண்ணீர் ஏற ஏறப் பாறை மேல் பாறையாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. வழிகாட்டி முதுகில் சுமந்து ஓடையைக் கடந்தார். அப்போது தண்ணீர் அவருடைய இடுப்புக்கு இருந்ததாம். கீழே வந்ததும் என் கணவர் என்னைப் பார்த்து, "மழை வந்துச்சு" என்றார். வீங்கிய காலில் ஷூ ஏறவில்லை. இரண்டையும் நான்தான் கையில் எடுத்து வந்தேன். வேன் வரை டீச்சர் எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார்.

டீச்சர் மேல் அன்றுவரை எனக்கிருந்த சந்தேகத்தைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. சந்தேகத்துக்கு அவரே மரியாதை கொடுப்பவர்தான். ஆனால் அதற்குப் பிறகு தபால் நிலையத்தில் பார்த்தால் வேண்டுமென்றே பேனா கேட்பேன். மூடியைக் கழற்றிக்கொண்டுதான் கொடுப்பார். எனக்கும் அது பழகிவிட்டது, எல்லோருக்கும் பழகிவிட்டது. ஒருநாள் அப்படி வாங்கி எழுதிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. மூடியோடு போய்விட்டார். பேனாவை மறக்கிற மனிதரா அவர்? மனத்தில் ஏதோ உறுத்தியது.

அதற்குப் பிறகு தட்டச்சு நிலையம் பூட்டிக் கிடந்தது. செங்கத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் பால்காரர். தங்கை வீட்டில்தான் நிம்மதியாக இருக்கிறார் என்றார் பூக்காரம்மா. ரைஸ்மில்காரர், அப்போதே போய்விட்டாரே, உங்களுக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டார். ஊரே சொன்னது. நான் ரைஸ்மில்காரரிடம், பாத்தது யாரு என்று கேட்டேன். அவர் மாலையின் ஞாபகம் வந்தோ என்னவோ பேச்சை நெல் விலைக்கு மாற்றிவிட்டார்.

மறுநாள் என் கணவரிடம் சொல்லிவிட்டு, மூடியில்லாத பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு செங்கம் பேருந்தில் ஏறினேன். அங்கே பேருந்து நிலையத்தைச் சுற்றி இரண்டு மூன்று தெருக்களில் விசாரித்தேன். கண்ணமங்கலத்திலிருந்து தங்கை வீட்டுக்கு வந்த டைப் டீச்சர் என்றதும் ஒரு கடைக்காரர் சந்துக்குள் கை காட்டினார். சாத்திய கதவு. தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டுவதற்குள் எனக்குப் பல கெட்ட எண்ணங்கள் வந்துவிட்டன.

சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. இளைத்துப்போன முகம். ஒரு கண் என் முகத்தைப் பார்த்தது, காலைப் பார்த்தது, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தது. நான் பேனாவை நீட்டினேன். அதை அவர் வாங்கவில்லை.

"வூட்ல யார்கிட்ட சொல்ட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சங்கிலியைக் கழற்றினார்.